பதினோராவது இறுதி வேண்டுகோள்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழுப்பு உறை. மூலையில் சிவப்பு மையில் 'அவசரம்' என்று ஒரு முத்திரை. அதற்குக் கீழே இன்னொரு முத்திரை - 'மிக அவசரம்'. பிரித்தேன். முதல் வரி: "இது எங்கள் இறுதி வேண்டுகோள்..."

எனக்கு வந்த பதினோராவது இறுதி வேண்டுகோள் இது!

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலேயே கேட்டாள். "ஏங்க, யாரு? நம்ம சங்கமா?"

"வேற யாரு என்னை இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கா?" என்றேன்.

உண்மைதானே? கோலாலம்பூரில் இருக்கும் என் மகன் கிறிஸ்மஸுக்கு ஒரு கார்டு போடுவான். சங்கம் மாதம் ஒன்று போடுகிறது.

எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். பெயர் சொன்னால் அதற்கும் ஒரு நன்றிக் கடிதம் வரும், கூடவே ஒரு டிக்கெட் புத்தகமும் வரும். சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தருவதற்காகப் போராடும் சங்கம் - அது போதும்.

இந்த அட்டை விவகாரம் தெரியாத வாசகர் யாராவது இருந்தால், அவருக்காக இரண்டு வரி. குடியுரிமை உள்ளவனுக்கு நீல அட்டை. இல்லாதவனுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இடமும் இல்லை.

நான் நீல அட்டைக்காரன். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் டிரசர் வேலை பார்த்தவன். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன், டாக்டர் வரும் நாளில் அவருக்குப் பின்னால் கைகட்டி நிற்பேன். எனக்கு ஏன் இந்த வம்பு?

எழுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் மலையில் இருக்கும் ரிங்லெட்டில் ஒரு கூட்டம் நடந்தது. "இந்த மலையில் காடு வெட்டியவன் யார்? தேயிலை நட்டவன் யார்? அவனுக்கு ஒரு அட்டை இல்லையா?" என்று தலைவர் மேடையில் முழங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. எழுந்து நின்றவர்களின் பெயரையும் விலாசத்தையும் வாசலிலேயே ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்குப் பிடித்த சனி...

முதலில் கட்டட நிதி. கட்டடம் வந்ததா? அடிக்கல் வந்தது. அப்புறம் வழக்கு நிதி. அப்புறம் ஆண்டு மலர் - அதில் தலைவர் படம் ஒன்பது, சிவப்பு அட்டைக்காரர் படம் ஒன்று. அந்த ஒன்றிலும் அவர் தலைவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்! பிரிஞ்சாங் ஓட்டலில் ஒரு விருந்து வைத்து, தலைவர் கழுத்திலிருந்த மாலையை ஏலம் விட்டார்கள். திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் ஆவேசமாக ஏலம் கேட்டு எடுத்தார். அடுத்த முறை பார்த்தபோது மனிதர் நொந்துபோயிருந்தார். "மாலை அன்னைக்கே காஞ்சு போச்சு டிரசரய்யா. கடுதாசி மட்டும் இன்னும் பச்சையாவே வருது லா!" என்றார்.

கொடுத்துப் பார்த்தேன் - சீக்கிரமாக வந்தார்கள். கொடுக்காமல் இருந்து பார்த்தேன் - 'உங்கள் மௌனம் எங்களை வருத்துகிறது' என்று ஒரு கடிதம் வந்தது. வீடு மாறினேன். எனக்கு முன்பாகவே அவர்கள் புது விலாசத்துக்கு எழுதியிருந்தார்கள்.

கொள்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் எரிச்சல். கொள்கை பிடிக்காதவன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறான். பிடித்தவன்தான் மாட்டிக்கொள்கிறான். ஆஸ்பத்திரியில் எல்லா நோயாளிக்கும் 'அவசரம்' என்று சீட்டு எழுதிவைத்தால், நிஜமாகவே மூச்சு நின்றவனுக்கு என்ன எழுதுவது? இதை நான் சங்கத்துக்குக் கடிதமாகவே எழுதினேன். 'உங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி' என்று பதில் வந்தது. டிக்கெட் புத்தகத்தோடு.

அப்போதெல்லாம் ஊசிகளைக் கொதிக்க வைத்துத்தான் போடுவோம். ஸ்டவ் பற்றவைக்கக் காகிதம் வேண்டும். சங்கத்து ரசீதுகள் நன்றாக எரிந்தன.

செல்லம்மா அப்படிச் செய்யவில்லை.

செல்லம்மா கொழுந்து பறிப்பவள். நாலு வயதில் அப்பாவோடு கப்பலில் வந்தவள், சிவப்பு அட்டை. புருஷன் போனபிறகு கொழுந்தன் வீட்டில், லயத்தில் ஒரு அறையில் இருந்தாள். கொழுந்தன் மனைவி பூங்காவனமும் சிவப்பு அட்டைதான். தோட்டத்தில் சிவப்பு அட்டைக்காரர்களை நேரடியாக வேலைக்கு வைப்பதில்லை. இருவரும் காண்ட்ராக்ட்காரனிடம் வேலை செய்தார்கள். அவன் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. ஆபீஸ் செக்ரோலில், அந்தத் தொழிலாளர் பதிவேட்டில், அவர்கள் பெயரே கிடையாது.

ஒரு சம்பள நாள். விரலில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுப் போட்டு முடித்ததும், மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, இதுல என் பேரு சரியா போட்டிருக்காங்களா, கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். சங்கத்து ரசீது! பெயர், தோட்டம், லயத்து வீட்டு நம்பர், தேதி, கீழே வட்டமாக ஊதா சீல். வட்டாரப் பொறுப்பாளர் தனபாலனின் கையெழுத்து. சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவன் அவன்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன்?"

"இன்னும் எத்தனை சேந்தா அட்டை குடுப்பாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ரத்தம் கொதித்தது. இவள் இத்தனை வருஷமாக நீல அட்டைக்குத் தவணை கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்! கூடை கூடையாகக் கொழுந்து பறித்து, அதில் கிடைத்ததைப் பிய்த்து...

கத்திவிட்டேன். "யாரு சொன்னா உனக்கு? இது வெறும் நன்கொடை ரசீது. இதுக்கு அட்டையும் வராது, ஒரு மண்ணும் வராது. எல்லாத்தையும் கொண்டுபோய் அடுப்புல போடு!"

அவள் ரசீதைப் பத்திரமாக மடித்தாள். "சீல் அடிச்ச காயிதத்தைப் போயி அடுப்புல போடுறதாய்யா? நல்லாருக்கா லா?"

போய்விட்டாள். படித்தவன் சொன்னால் கேட்கிறார்களா என்று அன்றைக்கு முழுக்க அலுத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து அட்டை விஷயம் உண்மையிலேயே அவசரமானது. பெர்மிட் விஷயத்தில் கெடுபிடி வரப்போகிறது என்று காண்ட்ராக்ட்காரன் பயந்துவிட்டான். "அடுத்த வருஷத்துல இருந்து நீலம் இருந்தாதான் வேலை" என்று சொல்லிவிட்டான். செல்லம்மா என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை. "நான் எங்கய்யா போறது? அந்தக் கப்பலும் இல்லையே" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்காகக் குடியுரிமை மனு எழுதிப் போட்டேன்; நேர்காணலுக்கு வரச் சொல்லித் தேதி வந்தது. பிறகு சங்கத்துக்கு எழுதினேன். இத்தனை வருஷம் அவர்கள் கேட்டு நான் கொடுத்தேன். முதன்முதலாக நான் கேட்கிறேன். விவரம் தெரிந்த ஒருவரை நேர்காணலுக்கு எங்களோடு அனுப்புங்கள் - அவ்வளவுதான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆவலோடு பிரித்தேன். 'தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி. நிதியளிப்பு நாடகத்துக்கான இருபது டிக்கெட்டுகள் இத்துடன்...'

தனபாலனைப் பிடித்தேன். "தம்பி, ஒரு ஆளு வந்தா போதும்பா. நீயே வாயேன்."

"வரணும்தான் டிரசரய்யா. ஆனா அன்னைக்குத் தாப்பாவில வசூல் இருக்கு. முதல்ல நிதி சேரட்டும், அப்புறம் கேஸ் கேஸா எடுப்போம்" என்றான். கெட்ட பையன் இல்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தோடேயே என்னிடம் இரண்டு டிக்கெட் விற்றுவிட்டுப் போனான்.

கடைசியில் நான்தான் லீவு போட்டுக்கொண்டு போனேன். மலையிறங்கி, பஸ் மாறி, பதிவு அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் செல்லம்மா மூன்று முறை வாந்தி எடுத்தாள். கையில் ஒரு பழைய பால்மாவு டின்னை இறுக்கிப் பிடித்திருந்தாள். வழிக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நடுத்தர வயது மலாய்க்காரர். பொறுமையானவர். மலாயில் கேள்வி கேட்டார். லோரிக்காரர்களிடமும் சந்தையிலும் கற்றுக்கொண்ட மலாயில் செல்லம்மா தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். அதில் பிரச்சினை இல்லை. அடுத்ததில்தான் மாட்டினோம். இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில்தான் இருந்தாள் என்பதற்கு என்ன ஆதாரம்?

நான் சாட்சி சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சாட்சி சரி, என்சிக். சூராட்? ஏதாவது காகிதம்?"

செக்ரோல் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. சிவப்பு அட்டையில் இருப்பதோ வேறு தோட்டத்துப் பழைய விலாசம். 'சூராட்' என்ற வார்த்தை செல்லம்மாவுக்குப் புரிந்திருந்தது. டின்னைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள்.

ரசீதுகள்!

கட்டட நிதி, வழக்கு நிதி, மலர், விருந்து, நாடகம், வெள்ளம், தலைவர் பிறந்தநாள்... வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் பெயர், தோட்டம், வீட்டு நம்பர், தேதி, ஊதா சீல். எனக்கு அவமானமாக இருந்தது. ஐயோ, இதைப் போய் இங்கே கொட்டுகிறாளே என்று கூசினேன்.

அவர் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தார். தேதிகளை ஒரு தாளில் குறித்தார். எதற்கான காகிதம் இவை என்று என்னிடம் கேட்டார். மென்று முழுங்கிச் சொன்னேன். மறுபடியும் தேதிகளைப் பார்த்தார். எங்காவது ஆறு மாதம் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விட்டுப்போகவில்லை. எப்படி விட்டுப்போகும்? எங்கள் சங்கம் யாரை எப்போது விட்டது!

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மக்சிக், இவங்க உங்கள ஒரு மாசங்கூடச் சும்மா விடலையா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லைங்க துவான்" என்றாள் செல்லம்மா, பெருமையாக.

இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று மேலே கேட்க வேண்டும் என்றார். கேட்டார்கள். எழுதினார்கள். இழுத்தார்கள். ஆனால் ஒரு மழைக்காலத்து மத்தியானம் செல்லம்மா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, நீல அட்டையை எடுத்துக் காட்டினாள். நான் அழுதேன் என்று எழுதினால் என் மனைவி சிரிப்பாள். அழுதேன்.

என் ரசீதுகளெல்லாம் எங்கே என்று கேட்கிறீர்களா? நல்லவேளை, எனக்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

இது நடந்து ஒரு வருஷம் இருக்கும். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சங்கத்துச் செய்தி மடலின் முதல் பக்கத்தில் செல்லம்மா படம்! 'நமது இடைவிடாத போராட்டத்தின் மகத்தான வெற்றி!' கீழே, இந்த வெற்றியைத் தொடர அவசரமாக நிதி தேவை என்று ஒரு வேண்டுகோள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இடைவிடாத போராட்டமாம்! இடைவிடாத என்கிற ஒரு வார்த்தையை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

போன சம்பள நாளில் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் தனபாலன், அதே ரசீதுப் புத்தகத்தோடு. அவனுக்கு முன்னால் செல்லம்மா. மடியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டிருந்தாள்!

விறுவிறுவென்று போனேன். "உனக்குத்தான் அட்டை வந்திருச்சே செல்லம்மா! யாரு வாங்கிக் குடுத்தாங்கன்னும் உனக்குத் தெரியும். இன்னும் எதுக்கு இவனுக்கு அழுவுற?"

தனபாலன் சட்டென்று பேனாவைப் பார்க்க ஆரம்பித்தான். செல்லம்மா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், மெதுவான குரலில் சொன்னாள்.

"பூங்காவனத்துக்கு இன்னும் சிவப்புதானேய்யா... ரசீதை அவ பேருல போடச் சொல்லியிருக்கேன்."

நான் வழிவிட்டு விலகினேன்.

செவ்வாய்க்கிழமை வந்த பதினோராவது இறுதி வேண்டுகோளுக்கு, புதன்கிழமையே பணம் அனுப்பிவிட்டேன். லயத்தில் இன்னும் ஆறு வீடுகளில் சிவப்பு அட்டை இருக்கிறது. ஆறு பெயரும் வீட்டு நம்பரும் எழுதி, தனித்தனி ரசீது கேட்டிருக்கிறேன்.

சங்கத்தாரே, எங்களுக்காகப் போராடவெல்லாம் வேண்டாம்... தேதியை மட்டும் தெளிவாகப் போடுங்கள்!