தவிட்டு ஒத்தடமும் ஒன்பது மணி நேரமும்

விடியக்காலம் ஐந்து மணிக்கே என் வீட்டுக்காரர் இடது கால் தெறிக்கிறது என்றார். லாரி ஓட்டிக்கொண்டு குஜராத் போய் முந்தின நாள்தான் வந்திருந்தார். கிளட்ச் மிதித்து நரம்பு இழுத்துக்கொண்டது என்று நானே முடிவு கட்டினேன். பாதம் ஜில்லென்று இருந்தது. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன்.

"சூடே தெரியலையே புள்ள" என்றார். பாவி நான், இன்னும் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்! விரல்கள் கருநீலமாகி அசையாமல் போன பிறகுதான் ராசிபுரத்திலிருந்து கார் பிடித்து ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அப்போது மதியம் மணி இரண்டு.

டாக்டர் வலது காலில் ஒரு சின்னக் கருவியை வைத்தார். உஸ், உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. இடது காலில் வைத்தார். ஒன்றுமே இல்லை. இருதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி கிளம்பி வந்து தொடைக்குக் கீழே ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்றார். ரத்தமில்லாமல் சதை ஆறு மணி நேரம் தாங்கினாலே பெரிசாம். சூடு வைத்தால் அது இன்னும் ரத்தம் கேட்குமாம். என் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"எப்ப ஆரம்பிச்சது?"

"பத்து மணிக்குத்தானுங்க" என்று இவர் முந்திக்கொண்டார். எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று யார் கேட்டாலும் குறைத்தே சொல்லிப் பழகிய வாய்.

"இல்லீங்க சார், அஞ்சு மணிக்கே வலிச்சுதுங்க. நாந்தான் ஒத்தடம் குடுத்துட்டே இருந்தேன்." என் தப்பைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, சொல்லிவிட்டேன்.

டாக்டர் விரல்களை அழுத்திப் பார்த்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. "இனி அடைப்பைத் தொறந்தா, செத்த சதையில இருக்கிற விஷம் ரத்தத்தோட இருதயத்துக்குப் போயிரும்மா. ஆளே தங்கமாட்டார். கால எடுத்தாகணும்."

"ஒரே ஒரு தடவ தொறந்து பாருங்க சாமி! இந்தக் காலு இல்லைன்னா லாரி ஏது, சோறு ஏதுங்க?" டாக்டர் காலில் விழுந்து கதறினேன். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, சம்மதக் காகிதத்தைக் கட்டில்மேல் வைத்தார்.

என் வீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை. என்னையே பார்த்தார். "நீ வாய மூடிட்டு இருந்திருந்தா கால் இருந்திருக்கும்" என்றார்.

பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீயே போடு."

போட்டேன்.