மைக்கில் வாசிக்காத பெயர்

சின்னையா இறந்துபோன செய்தியை, பலாங்கொடை பஸ் கண்டக்டர் என் துணிக்கடை வாசலில் இறங்கிச் சொன்னார். அன்று காலையில்தான் விழாக் குழுவின் கடிதம் வந்திருந்தது. இந்த வருடமும் அந்தப் பெயரை வாசிக்க முடியாதாம். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரமத்தை மனுஷர் எனக்கு வைக்கவில்லை.

தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் அவரோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் கதை மனப்பாடம். எங்கள் சின்ன டவுனில் ஒவ்வொரு நவம்பரிலும் படைவீரர் நினைவு அணிவகுப்பு நடக்கும். பாடசாலை பேண்ட் வரும், பழைய சிப்பாய்கள் பதக்கம் குத்திக்கொண்டு நடப்பார்கள், நினைவுக்கல்லில் உள்ள பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். முதல் பெயர் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது. இரண்டாம் உலகப் போரில் எகிப்தில் செத்தவர். துரைக்குச் சமைத்துப்போடக் கூடப் போன சின்னையாவின் அண்ணன் கருப்பையாவும் அதே குண்டில்தான் செத்தார். அவர் பெயர் கல்லில் இல்லை. "கல்லுல வெட்ட வேணாங்க. ஒரு வாட்டி வாசிச்சா போதும்," என்பார் சின்னையா. கேட்டது அவ்வளவுதான்.

எனக்குச் சிங்களம் எழுத வரும் என்பதால் குழுவுக்கு மனுக்களை நான்தான் எழுதினேன். பட்டாளத்திலிருந்து வந்த சாவுக் கடிதத்தையும் இணைத்தோம். ஒரு வருடம், செத்தவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்ததே கருப்பையா செத்துப் பல வருடங்களுக்குப் பிறகு. சின்னையா தன்னுடைய சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினார். "ஒரே வயித்துல பொறந்தவங்கதானே மாத்தயா, இது பத்தாதுங்களா?" கிளார்க் சிரித்தார்.

கொழும்பில் குண்டு வெடித்திருந்த இன்னொரு வருடம், அணிவகுப்பு எத்தனை மணிக்கு, எந்த வழியாக வரும் என்று சந்தியில் நின்ற சிப்பாயிடம் சின்னையா கேட்டுவிட்டார். அந்த நாளில் தமிழர் கேட்கக்கூடிய கேள்வியா அது? பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் போய்ப் பேசிச் சாயந்தரம் கூட்டிவந்தேன். வழியில், "எல்லாப் பேரையும் வாசிச்சாங்களா மொதலாளி?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் குழுத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், "கடைசியில் அந்தப் பெயரை நீங்களே வாசித்துவிடுங்கள்," என்று என்னிடம் சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே பூசாரி நான்தான். மைக் கைக்கு வந்தது. முன்வரிசையில், வடக்குச் சண்டையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பெயரா என்று பயந்துவிட்டேன். வந்தவர்களுக்கு நன்றி சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். சின்னையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். "விடுங்க மொதலாளி. நீங்க டவுன்ல கடை வச்சிருக்கீங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வருடம் அந்த அதிபர் குழுவில் இல்லை.

குழுவைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். திட்ட வேண்டியவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் அண்ணனின் பெயர் ஒன்றுதான். கருப்பையா. இப்போது யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன். சொல்லியிருக்க வேண்டிய அன்றைக்கு, கேட்பதற்குச் சின்னையா இருந்தார்.