டீஃப்ராக் ஓடி முடியும்வரை

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மாதாமாதம் பராமரிப்பு பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் கெடுவது வயிறு; போகிற வீட்டிலெல்லாம் டீ. இதே பிழைப்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஐந்தாறு வருடம், திண்டுக்கல்லில் ஒரு கடைக்காக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனேன்.

நகரும் கட்டங்கள்

ரெட்டியார்சத்திரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். சிதறிக் கிடக்கும் ஃபைல்களை வரிசைப்படுத்தும் டீஃப்ராக்கை ஓட விட்டால், திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நகரும். எனக்கு ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் தனக்கும் ஒன்று போட்டுக்கொள்வார். பேச மாட்டார். இரண்டு மணி நேரம் கட்டங்களையே பார்ப்போம்.

ஒரு மாதம் ஹார்ட் டிஸ்க்கைப் புதிதாக மாற்றினேன். அடுத்த முறை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப் போனது.

“பழசே இருந்திருக்கலாமேம்மா.”

செவ்வாய்க்கிழமை வேண்டாம்

தாடிக்கொம்பில் ஓர் அக்கா. கணவர் லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாள். மகன் வெளியூரில் படித்தான். வைரஸ் ஸ்கேன் வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக் கொடுத்தேன். மறுவாரமே கடைக்குப் போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக் குடு தாயி. அன்னிக்குத்தான் வீடு வெறிச்சுன்னு கெடக்கு. அது கரகரன்னு ஓடுறப்ப வீட்ல யாரோ இருக்க மாதிரி இருக்கு.”

காலி செய்யாத தொட்டி

டவுனில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டர் இடமில்லாமல் திணறியது. அழித்த ஃபைல்கள் போய் விழும் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யப் போனேன். சட்டென்று எழுந்து வந்து தடுத்தார். உள்ளே முந்நூறு படங்களுக்கு மேல் இருந்தன. அவர் மனைவி கம்ப்யூட்டரிலேயே பெயின்ட் புரோகிராமில் வரைந்து, சரியில்லை என்று தானே அழித்தவை. அந்தம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

தொட்டிக்குள் இருக்கும்வரை படத்தைத் திறக்க முடியாது. பெயரை மட்டும்தான் பார்க்கலாம். வெளியே எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்மா. அவளே வேண்டாம்னு போட்டது. எடுத்தா கோவிச்சுக்குவா.”

அரை நாள்

ஒரு வீட்டுக்கு அரை நாளா என்று கடை முதலாளி ஒருநாள் கேட்டார். சீக்கிரம் ஹாஸ்டல் அறைக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அதை அவரிடம் சொல்ல முடியுமா? வேலை அம்புட்டு இருக்கு சார் என்றேன்.

“ஓட விட்டுட்டு வர வேண்டியதுதானே? யாரும்மா உன்னைய அங்கன உக்காரச் சொன்னா?”

மெஷினுக்கு இரண்டு மணி நேர வேலை, எனக்கு ஐந்து நிமிட வேலை. மிச்ச நேரத்துக்காகத்தான் அந்த வீட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள், நானும் போனேன்.