கரி குடித்த இஞ்சின்

எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டம் கொடைக்கானலுக்குக் கீழே, ஓடையை ஒட்டிய சரிவில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும். விடிந்ததும், வெயில் படுவதற்கு முன்னால், செடிகளின் மேல் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். தவறினால் இலை கருகிவிடும். அதற்காகத்தான் ஓடைக்கரையில் டீசல் இஞ்சின் வைத்திருந்தோம்.

டீசல் டவுனிலிருந்து ஜீப்பில் வரவேண்டும். என் கணவருக்கு அது தீராத தலைவலி. நிலக்கரியை மாவாக அரைத்துக் குழம்பாக்கி இஞ்சின் ஓட்டலாம் என்று போனில் எதிலோ பார்த்திருக்கிறார். நிலக்கரிக்கு எங்கே போவது? மலையில் காடாக வளர்ந்து கிடக்கும் வாட்டில் மரத்தின் கரியை இடித்தோம். நான் பழைய வேட்டித் துணியில் சலித்துக் கொடுத்தேன். அதை டீசலில் கலக்கி ஊற்றினார். கரும்புகை கக்கிக்கொண்டு இஞ்சின் ஓடத்தான் செய்தது.

மேல் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இஞ்சினுக்குக் கருப்பட்டிக் காப்பியா?"

"சிரிங்க மாமா. அடுத்த வருசம் நீங்களும் கரி இடிப்பீங்க."

"இடிக்கேன், இடிக்கேன். மொதல்ல ஒம் மூஞ்சியக் கழுவு."

நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் வெறும் டீசலில் ஓட்டவேண்டும். இல்லையென்றால் கரி குழாயில் படிந்துவிடும். தினமும் அப்படித்தான் செய்தார். ஒருநாள் சாயங்காலம் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது ஓடையில் காட்டுமாடுகள் இறங்கின. ஒன்று இஞ்சினைப் பார்த்தே வந்தது. அவர் சட்டென்று இஞ்சினை நிறுத்தினார். வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

மறுநாள் எழுந்தபோது தோட்டம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். இஞ்சின் பிடிக்கவில்லை. டீசல் குழாயைக் கழற்றினால், உள்ளே கரி களிமண்போல இறுகியிருந்தது.

"இந்தா, குடத்த எடு. வெரசா வா."

ஓடைக்கும் பாத்திக்கும் ஏறி இறங்கினோம். குடத்துத் தண்ணீர் எத்தனை செடிக்குக் காணும்? மேல் தோட்டத்துக்காரர் தன் வேலையை விட்டுவிட்டுத் தன்னுடைய குழாயை இழுத்து வந்தார். அது பாதிச் சரிவுவரைதான் எட்டியது. அதற்குள் எதிர்மலையைத் தாண்டி வெயில் வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் கீழ்ப் பாத்திகள் எல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கின.

பிறகு அவர் வட்டக்கானலில் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். கருகிய பாத்திகளை நான்தான் தோண்டினேன். கோலிக்குண்டு அளவுக் கிழங்குகள், விற்க ஆகாது. கொஞ்சம் அவித்து அவருக்குச் சோற்றோடு வைத்தேன். கிழங்கைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார்.