பதினோராம் எண்ணுக்கு விட்ட இடம்

அமஸ்தூர் துறைமுகத்தில் பிஹி ஊபெல்லாவைத் தெரியாதவர் கிடையாது. பிறந்த பிள்ளைக்கும் செத்த கிழவருக்கும் நகராட்சிப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறவர் அவர்தான். வேலை முடிந்த பிறகு ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர். அதற்குச் சம்பளம் இல்லை. பயிற்சியாளர் யாரையாவது விலக்குவதென்று கமிட்டி முடிவு செய்தால், அந்தக் கடிதத்தை எழுதி அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வேலையும் பிஹியின் தலையில்தான் விழும். இருபத்தாறு வருடத்தில் பதினேழு பேருக்குக் கொடுத்திருந்தார். ஒருவர் அதைப் பிரிக்காமலே தேநீர்க் கிளாசுக்கு அடியில் வைத்தார். ஒருவர் குழந்தை மாதிரி அழுதார். இன்னொருவர், "வந்ததுதான் வந்தீங்க, மீன் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்றைக்குச் சாப்பிட்ட மீன் இரண்டு நாள் நெஞ்சிலேயே நின்றது.

"சாவு எழுதுறதும் நீங்க, கோச்சை வெளியே அனுப்புறதும் நீங்க. தெருவுல நீங்க வர்றதைப் பார்த்தா ஆளுங்க ஏன் செருப்புத் தைக்கிற கடைக்குள்ள நுழைஞ்சுக்குறாங்கன்னு இப்பப் புரியுது" என்பாள் மனைவி ரெக்கியா.

அந்த வருடம் ஒன்பது ஆட்டத்தில் எட்டில் தோல்வி. பயிற்சியாளர் மஹ்ஃபூத், கடலே இல்லாத உஜ்தா பக்கத்திலிருந்து வந்தவர், அதிகம் பேசாத மனிதர். மீன் ஏலக் கூடத்துக்கு எதிரே இருந்த காபிக்கடையில் தினமும் இதே சண்டைதான்.

"அந்தாளைத் தூக்கணும். தூக்கினாத்தான் விடியும்" என்றார் சவரக்கடை பெலாயித்.

"பதினேழு பேரைத் தூக்கியாச்சு அண்ணே. விடிஞ்சுதா?" என்றான் வலைக்காரன் ஒருவன்.

"அப்போ அவன் பண்ற கூத்தைப் பார்த்துட்டு உக்காரணுமா?"

கூத்து என்று பெலாயித் சொன்னது இதைத்தான். அணியின் இடது ஓரத்தில் ஆளே நிற்பதில்லை. ஆனாலும் நடுவிலிருந்து பந்து அங்கே போகும், ஆளில்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டும். "யாருக்குடா பாஸ் குடுக்குறே, உன் மாமனாருக்கா?" என்று பார்வையாளர்கள் கத்துவார்கள். முதல் மூன்று ஆட்டத்தில் சிரித்தார்கள். பிறகு, பந்து இடப்பக்கம் போகும்போது ஏனோ யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை கமிட்டி கூடுவதாக இருந்தது. கடிதம் எழுதச் சொல்வார்கள் என்று பிஹிக்குத் தெரியும். இந்த முறை அந்த மனிதரிடம் முன்னாலேயே பேசிப் பார்ப்போம் என்று செவ்வாய் மாலை மைதானத்துக்குப் போனார்.

மைதானம் கடலோரப் பாறை மேட்டின் விளிம்பில் இருக்கிறது. மேற்கே ஆளுயரச் சுவர், சுவருக்கு அப்பால் அறுபது அடிப் பள்ளம். நான்கு மணிக்கே மூடுபனி சுவரைத் தாண்டி இறங்கியிருந்தது. இடப்பக்கம் பாதி மைதானம் கண்ணுக்குத் தெரியவில்லை. பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"இடதை விடுங்க! அவன் தயாராயிட்டிருக்கான்!" என்று மஹ்ஃபூத் கத்தினார்.

பிஹி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். போன வருடம் ஃபாஸ் நகரத்திலிருந்து வந்தவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அதற்கு முந்தினவரும். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அப்போதெல்லாம் தோற்கிறவர்களின் உளறல் என்று பிஹி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"யார் தயாராகுறது?" என்று கிட்டே போய்க் கேட்டார்.

மஹ்ஃபூத் திரும்பினார். "நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க."

மஹ்ஃபூத் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு தொடங்கினார். "ஸீதி பிஹி, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். பரவாயில்லை. முதல் மாசம் நானும் ஒருத்தனை அங்க நிறுத்தினேன். கூடவே இன்னொருத்தன் ஓடி வர்ற சத்தம் கேக்குதுன்னு சொல்லி நின்னுட்டான். அடுத்தவனும் அதையே சொன்னான். சோம்பேறிகளான்னு திட்டினேன். அப்புறம் நானே ஓடிப் பார்த்தேன்."

"கேட்டுச்சா?"

"மூச்சு வாங்குற சத்தம். என்னோடதுன்னு நினைச்சு மூச்சை அடக்கிக்கிட்டு ஓடினேன். அது அடங்கலை."

அதே நேரம் நடுவிலிருந்த ஆட்டக்காரன் பந்தை இடப்பக்கம் தட்டினான். அது உருண்டு பனிக்குள் போனது. சுவரில் மோதும் சத்தத்துக்காக பிஹி காத்திருந்தார். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பந்து தரையை ஒட்டி, அளந்து விட்டதுபோல், ஓடிவந்தவன் காலுக்கே திரும்பி வந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு ஓடினான். யாரும் பனிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் அப்படிப் பழகிப்போயிருந்ததுதான் பிஹியை நடுங்க வைத்தது.

வீட்டுக்கு வந்து ரெக்கியாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியது ஒன்று பழைய கணக்காக உள்ளே கிடந்தது. அது அவளுக்கும் தெரியாதது.

அவர் செயலாளராகச் சேர்ந்த முதல் மாதம் அது. மைதானத்துக்கு அப்போது சுவர் கிடையாது. இடது ஓரத்தில் ஆடியவன் தாவூத், பதினோராம் எண், பத்தொன்பது வயது. ஆட்டத்துக்கு நடுவே பனி இறங்கியது. பயிற்சியாளர் ஓடிவந்து நிறுத்தச் சொன்னார், நடுவரும் நிறுத்தப் போனார். முன்வரிசையில் மாகாண அதிகாரி உட்கார்ந்திருந்தார். கழகத் தலைவர் ஹாஜி லஹ்பீப் நடுவரின் தோளில் கைபோட்டு, "கொஞ்ச நேரம்தானே, ஆடட்டும்" என்றார். தாவூத் ஓர் உயரப் பந்தின் பின்னால் ஓடினான். பந்தும் வரவில்லை, அவனும் வரவில்லை. பனியில் அது யாருக்கும் தெரியவில்லை. அவன் இல்லாமலே பத்து நிமிடம் ஆடினார்கள். அதில் ஒரு கோல்கூட அடித்துக் கொண்டாடினார்கள்.

உடல் கிடைக்கவில்லை. கமிட்டி கூடி, "பயிற்சியாளரின் கவனக்குறைவு, அவர் விலக்கப்படுகிறார்" என்று தீர்மானம் போட்டது. எழுதியது பிஹி. அவர் கொண்டுபோய்க் கொடுத்த முதல் கடிதமும் அதுதான்.

வியாழக்கிழமை தொழுகைக்குப் பிறகு கமிட்டியின் ஏழு பேரும் கழக அறையில் கூடினார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. ஹாஜி லஹ்பீபுக்கு இப்போது எண்பதை எட்டப்போகும் வயது. பேச்சு கால்மணி நேரம்கூட நீளவில்லை.

"எழுதுங்க ஸீதி பிஹி. அகாதிர்ல ஒருத்தர் இருக்கார், பேசிட்டேன்."

பிஹி பேனாவை மேசையில் வைத்தார். "எழுத மாட்டேன் ஹாஜி."

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. தாவூத் போன அன்னைக்கு ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது கோச். ஆடட்டும்னு சொன்னது நீங்க. பழியை கோச் மேல எழுதினது இந்தக் கை. அன்னைலேருந்து யார் வந்தாலும் தோக்குறோம், யார் தோத்தாலும் கடிதம் எழுதுறோம். பதினெட்டாவது என்னால ஆகாது."

மற்றவர்கள் கத்துவார்கள், ஹாஜி எழுந்து போய்விடுவார் என்று பிஹி நினைத்தார். ஹாஜி ஜன்னலைப் பார்த்தார். குரல் மிகவும் தணிந்தது.

"மெதுவாப் பேசு பிஹி. உன்கிட்டயும் வந்தானா?"

ஹாஜி நாற்காலியை பிஹியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பள்ளிவாசல்ல என் இடப்பக்கம் யாராவது நின்னு பார்த்திருக்கியா? வரிசையில இடைவெளி விடக்கூடாதுன்னு இமாம் தினமும் சொல்றார். எல்லாரும் தோளோட தோள் ஒட்டி நிக்கிறாங்க. என் பக்கத்துல மட்டும் ஓர் ஆள் இடம். ஏன் விட்டேன்னு கேட்டா அவங்களுக்கே தெரியலை. சில நாள் சட்டையோட அந்தப் பக்கம் ஈரமா இருக்கும்."

பிஹிக்குக் கிழவர்மேல் கோபம் வரவேண்டும்; வரவில்லை. இருவரும் ஒரே சுமையைத் தனித்தனியாகத் தூக்கியிருந்தார்கள் என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் இருவரும் மஹ்ஃபூதையும் கூட்டிக்கொண்டு தாவூதின் அக்கா இஜ்ஜாவிடம் போனார்கள். மீன் சந்தை வாசலில் ரொட்டி சுட்டு விற்கிறவள். கல்லின் மேலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" என்றாள்.

"பொய்யை எழுதினேன் லல்லா. திருத்தணும்" என்று அவளை மரியாதையாக விளித்துச் சொன்னார் பிஹி.

"எனக்காக வேண்டாம். எங்கம்மா சாகுறவரைக்கும் கதவைத் தாழ் போடவிடலை. எழுதினா அவளுக்கும் சேர்த்து எழுதுங்க."

அந்த வாரமே தீர்மானப் புத்தகத்தில் நடந்தது நடந்தபடி எழுதப்பட்டது. ஹாஜி கையெழுத்துப் போட்டுத் தலைவர் பதவியை விட்டார். பழி சுமந்த அந்த முதல் பயிற்சியாளர் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். அவர் மகனுக்கு ஒரு கடிதம் போனது. மைதானத்தில் ஊரே நின்று, உடல் கிடைக்காதவனுக்கான தொழுகை நடத்தியது. உடல் இல்லாத இறப்பைப் பதிய நீதிமன்ற உத்தரவு வேண்டும்; அது வர நான்கு மாதம் ஆயிற்று. வந்ததும் தாவூதின் இறப்பை பிஹி தன் கையாலேயே பதிந்தார்.

மஹ்ஃபூதை யாரும் விலக்கவில்லை. அதனால் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அணி கடைசி இடத்தில் முடிந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஆனால் இடது ஓரத்தில் ஒருவன் நின்றான், நிற்க முடிந்தது. "என்ன கேக்குது?" என்று மஹ்ஃபூத் ஒவ்வொரு நாளும் கேட்பார். "காத்துதான்" என்பான்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இஜ்ஜா வந்தாள். தம்பி போன பிறகு அவள் மைதானத்துப் படியில் கால் வைத்தது அதுவே முதல் முறை. பிஹி பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் போய்க்கொண்டிருந்தது. பாதி ஆட்டத்தில் பனி சுவரேறி இறங்க ஆரம்பித்தது. நடுவர் உடனே ஊதி நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் கூட்டமாகக் கோட்டைத் தாண்டி வந்தார்கள். மஹ்ஃபூத் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, முகம் வெளுத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எத்தனை?" என்று பிஹி எழுந்து நின்று கேட்டார்.

"சரியா இருக்கு" என்றார் மஹ்ஃபூத். "பதினொண்ணுதான். சரியாத்தான் இருக்கு."

இஜ்ஜா வெறுமையான மைதானத்தையே வெகுநேரம் பார்த்திருந்தாள். பிறகு சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.