நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் ஜூனியர்

திருச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை நானும் அக்காவும் பதினோரு வருடம் பங்கு போட்டுக்கொண்டோம். அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்த வக்கீல். ஊருக்குள் பாத்திரக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தில் கறுப்பு கோட் போட்ட முதல் ஆள் அவர்தான். துபாயில் இருந்த அவர் கணவருக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. மகளை அழைத்துக்கொண்டு அக்காவும் போக வேண்டும் என்று ஆயிற்று.

இங்கே எத்தனை வருடம் வாதாடியிருந்தாலும் அங்கே அப்படியே போய் கோர்ட்டில் நிற்க முடியாது. நம் படிப்பைப் பார்த்து, எந்தெந்தப் பாடம் குறைகிறது என்று முதலில் சொல்வார்கள். அக்காவுக்கு ஐந்து பாடம் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அவற்றை முடிக்கலாம். இல்லாவிட்டால் இங்கிருந்தபடியே ஒவ்வொன்றாகப் பரீட்சை எழுதலாம். எப்படிப் போனாலும் பிறகு ஒரு சீனியரிடம் பயிற்சி, இன்னொரு பரீட்சை.

"காலேஜ்லயே சேர்ந்துடுங்கக்கா. தனியா உக்காந்து படிக்கிறது ரொம்ப கஷ்டம்" என்றேன். அனுபவத்தில்தான் சொன்னேன். இங்கிலாந்து வக்கீல் பரீட்சைக்கென்று புத்தகம் வாங்கி இரண்டே மாதத்தில் மூடி வைத்தவள் நான். அவர் கணவரும் காலேஜ் என்றுதான் சொன்னார்.

அக்கா ஒரு வாரம் அந்த ஐந்து பாடத்தின் பட்டியலையும் கேஸ் டைரியையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "இங்கேருந்தே எழுதறேம்மா. ஜீயபுரத்தம்மா கேஸ் பாதியில நிக்குது."

ஜீயபுரத்தம்மா என்பவர் கணவனை இழந்தவர். வாழைத்தோட்டத்தில் அவருக்குள்ள பங்கைக் கொழுந்தன்மார் தர மறுத்ததால் வழக்குப் போட்டிருந்தார். குறுக்கு விசாரணைக்கு அவர் கூண்டில் ஏற வேண்டிய கட்டம் அது.

"அதை நான் நடத்த மாட்டேனா?" என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

"நல்லாவே நடத்துவே. ஆனா கூண்டுல நிக்கிறப்ப அந்தம்மா என் மூஞ்சியத்தான் தேடுவாங்க."

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அக்கா படிக்க உட்காருவார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து நான் அறைக்கு வரும்போது அங்கேயும் படித்துக்கொண்டிருப்பார். பத்தரைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு கோட்டை மாட்டுவார். அரசியல் சட்டத் தாளில் தோற்றுப்போனார். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடினேன், தேவைப்படவில்லை.

"படிச்சதையெல்லாம் கொட்டிட்டேம்மா. அவங்க கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதல. என் தப்புதான்" என்றார். அடுத்த முறை தேறினார்.

கடைசித் தாளுக்கு முன்பே தீர்ப்பு வந்தது. ஜீயபுரத்தம்மாவுக்குப் பங்கு உண்டு என்று உத்தரவாயிற்று. அந்தம்மா தன் பெயர் வருகிற வரியை மட்டும் வாசிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார். அக்கா மூன்று தடவையும் நிதானமாக வாசித்தார்.

ஐந்து தாளும் தேறிக் கனடா போன பிறகு எட்டு மாதம் யாரும் அவரைப் பயிற்சிக்கு எடுக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது, வெளிநாட்டுப் படிப்பு. கடைசியில் குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு சின்ன ஆபீஸில் இடம் கிடைத்தது.

"என் சீனியருக்கு முப்பத்திரண்டு வயசு" என்று போனில் சிரித்தார். "என் டிராஃப்ட்டைத் திருத்தித் திருத்தி அனுப்புறாங்க. திருத்துறதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு."

என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. மணிக்கணக்காகக் குறுக்கு விசாரணை செய்து எதிர்த்தரப்பைத் திணறடித்த மனுஷி அவர்.

பயிற்சியும் அந்த இன்னொரு பரீட்சையும் முடிந்து, போன மாதம் அங்கே வக்கீலாகப் பதிவானார். முதல் முறை தனியாக கோர்ட்டில் நின்ற அன்று என்னை அழைத்தார்.

"ரெண்டு நிமிஷம்கூட இல்ல. ஒரு வாய்தா வாங்கினேன், அவ்வளவுதான்."

பார் ரூமில் இருந்த எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். "வாய்தா வாங்கினதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று ஒருவர் கேட்டார். அவரை உட்காரவைத்து, ஐந்து தாளிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் சொன்னேன்.