முத்துப்பிள்ளையும் செவ்வாய்க்கிழமை ரத்தமும்

வயிறு பெருசா இருந்தா ஊரே சந்தோஷப்படும். சந்தேகப்படுறதுக்குன்னே சம்பளம் வாங்குறவங்க நாங்க. ஆம்பூர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில, பெண்கள் பிரிவுல நர்ஸா பதினெட்டு வருஷமா குப்பை கொட்டுறேன். ஓ.பி.யில உக்காந்து தொண்டைத் தண்ணி வத்தின சிஸ்டர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ரெட்டைப் பிள்ளை

ரேவதிக்கு ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல வேலை. ஊர் ஒடுகத்தூர் பக்கம். மாசம் மூணு, வயிறு பார்த்தா அஞ்சு. தண்ணி குடிச்சாலும் வாந்தி. பழுப்பு நிறத்துல ரத்தக்கசிவு வேற. ஆனா கூட வந்த மாமியார் முகத்துல அப்படி ஒரு பூரிப்பு! ரெட்டைதான்னு அவங்களே முடிவு பண்ணி, தெரு முழுக்கச் சொல்லியும் ஆச்சு.

ஸ்கேன்ல குழந்தையும் இல்ல, துடிப்பும் இல்ல. சின்னச் சின்னதா நீர்க்கொப்புளங்க, திராட்சைக் குலை மாதிரி. டாக்டரம்மா பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. இதுக்கு முத்துப்பிள்ளைன்னு பேரு, கரு உருவாகும்போதே தப்பாகி நஞ்சுக்கொடி மட்டும் இப்படிக் கொப்புளமா வளர்ந்துடும், யாரும் செஞ்ச குத்தமில்ல, சீக்கிரமா சுத்தம் பண்ணணும். எல்லாத்தையும் கேட்டுட்டு மாமியார் என் பக்கம் திரும்பினாங்க. "இன்னாம்மா, உங்க மெஷினு ரிப்பேரா? வேற எடத்துல ஒருவாட்டி பாத்துடலாமா?"

பீஸ் ஏறணும், நம்பர் இறங்கணும்

சுத்தம் பண்றது ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம்தான் நம்ம தலைவலி. துளி மிச்சம் இருந்தாலும் திரும்ப வளரலாம், சில பேருக்குக் கேன்சராவும் மாறும். அதனால கர்ப்பத்துல ஊறுற ஹார்மோன் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு வாராவாரம் பார்க்கணும். அது முழுசா அடங்குற வரைக்கும் மறுபடி உண்டாகவும் கூடாது. உண்டாயிட்டா, ஏறுறது குழந்தையாலயா வியாதியாலயான்னு தெரியாமப் போயிடும்.

ரேவதிக்குச் சுத்தம் பண்ணி முடிச்சு, ரத்தம் எடுக்கச் செவ்வாய்க்கிழமைன்னு நாள் குறிச்சோம். நாலு வாரம் ஒழுங்கா வந்தாள், ஹார்மோன் நம்பரும் இறங்குச்சு. அஞ்சாவது வாரம் ஆளைக் காணோம். ஆறாவது வாரமும் காணோம். ஃபோன் போட்டுக் கத்தினேன். எனக்கு வாய் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். கம்பெனி மெஷின் சத்தத்துக்கு நடுவுல நிதானமா பதில் வந்துச்சு. "இங்க தைக்கிற பீஸ் ஏறணும்னு சூப்பர்வைசர் கத்துறாரு, அங்க நம்பர் இறங்கணும்னு நீங்க கத்துறீங்க. நான் இன்னா சிஸ்டர் பண்றது?"

ரெண்டு கோடு

அடுத்த வாரம் வந்தாள். கூடவே புருஷன் குமார், மாமியார், ஒரு டப்பா மைசூர்பாகு. வீட்டுலயே கார்டு வாங்கி டெஸ்ட் பண்ணியிருக்காங்க, ரெண்டு கோடு. முன்னாடி இருந்த குழந்தை போகவே இல்லன்னு மாமியார் கட்சி. இல்ல, இது புதுசுன்னு குமார் கட்சி. ஹார்மோன் இருக்குன்னு மட்டும்தான் அந்தக் கார்டு சொல்லும். எதனால இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ரத்தத்துல நம்பர் ஏறியிருந்துச்சு. ஸ்கேன்ல குழந்தை இல்ல. வியாதி திரும்பியிருந்துச்சு. நல்லவேளை, எக்ஸ்ரே பார்த்ததுல நெஞ்சுக்குப் பரவல. ஊசி போட்டா குணமாகும், முடிஞ்சு ஒரு வருஷம் பொறுத்துக் குழந்தையும் பெத்துக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. கேன்சருக்குப் போடுற ஊசின்னு தெரிஞ்சதும் மாமியார் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சு உட்கார வச்சேன். "இப்படியே கூட்டிட்டுப் போனா பேரப்பிள்ளையும் இருக்காது, மருமகளும் இருக்க மாட்டா"ன்னு பட்டுன்னு சொல்லிட்டேன். ரேவதி டப்பாவை மூடி ஓரமா வச்சாள். "நான் போட்டுக்கறேன் சிஸ்டர். அத்தை, பஸ்ஸுக்கு நேரமாவுது, நீங்க கெளம்புங்க."

அடங்கின நாள்

ஊசி வேகத்துல ரேவதிக்கு வாயெல்லாம் புண்ணு, சோறு இறங்கல. ஆனாலும் ஒரு ஊசியைக்கூட அவள் விடல. நம்பர் இறங்கி, அடுத்தடுத்து மூணு வாரமும் சரியா நின்னுச்சு. ரிப்போர்ட்டைப் பார்த்து நான் கும்பிட்டேன், டாக்டரம்மா சிரிச்சாங்க, குமார் ஒரு வருஷத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டான். ரேவதி மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். நானும் வழக்கமா சொல்ற சமாதானத்தைச் சொன்னேன். அதுல குழந்தைன்னு ஒண்ணு இருக்கவே இல்லையேம்மா, இல்லாததுக்கு எதுக்கு அழுவுற?

அவள் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாள். "சரி சிஸ்டர், கொழந்தை இல்ல. அப்போ மூணு மாசமா மெஷின்ல உக்காந்து தெனமும் நான் யார்கிட்ட பேசினு இருந்தேன்?"

பேசிப் பேசியே காலம் தள்ளுற நான், கேன்டீன்ல ரெண்டு டீ சொல்லிட்டு அவள் பக்கத்துல உக்காந்தேன்.